முன்னும் பின்னும்

கோவையில் என் தாய்மாமாவின் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய லேத் நிற்கிறது. இங்கிலாந்தில் வார்க்கப்பட்டது. ஏதோ ஒரு பஞ்சாலையின் பழுதுபார்க்கும் கூடத்தில் பல்லாண்டுகள் உழைத்துவிட்டு ஏலத்தில் மாமாவின் பட்டறைக்கு வந்தது. முதுமை காரணமாக அவர் பட்டறையை மூடியபோது மற்ற எந்திரங்கள் எடைக்குப் போயின, இது மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதன் மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டுவதற்கான ஸ்விட்ச் கருகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. எரிந்த மோட்டாருக்குப் புதிதாகக் காயில் கட்டியவர், கருகிய ஸ்விட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரே திசையில் ஓடும்படி ஒயர்களை முறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டார். சென்ற கோடையில் நான் போயிருந்தபோது மாமா ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் வைத்தார். உள்ளே புது ஸ்விட்ச்.

"ரிவர்ஸ் இல்லாத லேத்து பாதி லேத்து கண்ணு. மாட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார்.

எந்திரம் சுழல்கிறது, இரும்பைச் சீவுகிறது, துளையிடுகிறது. பின்னோக்கிச் சுழலாவிட்டால் அது எப்படிப் பாதியாகும்? அந்த வேலையை முடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. மாமா சொன்னதன் பொருள் விளங்க அதற்குப் பிறகும் பல மாதங்கள் படிக்க வேண்டியிருந்தது.

முதலில் என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றினால் மோட்டார் பின்னோக்கி ஓடும் என்று நினைத்தேன். மாற்றினேன், முன்போலவே ஓடியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு நொடிக்கு ஐம்பது முறை போய்த் திரும்புவது. தானே திரும்பிக்கொண்டிருக்கும் ஒன்றை நாம் திருப்பிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

போய்த் திரும்பும் இந்த இயக்கத்துக்குத் தமிழில் மிகப் பழைய பெயர் ஒன்று உண்டு. கடைதல். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்துத் தயிரிலிருந்து வெண்ணெய் எடுப்பதும் கடைதல். மரத்தையும் உலோகத்தையும் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுப்பதும் கடைதல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி இரு பொருளையும் ஒரே வினையின் கீழ்தான் தருகிறது. இதை வெறும் உவமை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியன்று. தொடக்ககாலக் கடைசல் எந்திரம் அமைப்பிலேயே ஒரு மத்துதான். எகிப்தில் பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறையில், ஏறத்தாழ பொ.ஆ.மு. 300-ஐச் சேர்ந்த புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. கடைசல் எந்திரத்தின் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. ஒருவர் கயிற்றை இழுக்கிறார், மற்றவர் உளி பிடிக்கிறார். நம் நாட்டுக் கடைசல்காரர்களும் வில்லின் நாணைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தோ, உதவியாளைக் கயிறு இழுக்கவிட்டோ வேலை செய்தார்கள். பாற்கடலைக் கடைந்த கதையில் தேவர்கள் ஒரு புறமும் அசுரர்கள் மறு புறமும் நின்றதற்கும் காரணம் இதுவே. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் வாசுகி மலையைச் சுற்றி உருவிக்கொண்டு வந்துவிடும்.

இந்த எந்திரத்தில் பின்னோட்டம் கேளாமலே கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, தொல்லையாக ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே சரி. உளி ஒரு திசைச் சுழற்சியில்தான் வெட்டும். தண்டு திரும்பிச் சுழலும் நேரமெல்லாம் உளியைச் சற்று விலக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் காலால் மிதிக்க, மேலே கட்டிய வளைகழி கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும் எந்திரம் பல நூற்றாண்டுகள் இருந்தது. அதிலும் இதே கதைதான். மிதிக்கும்போது வேலை, கழி நிமிரும்போது ஓய்வு. உழைப்பில் பாதி வீண்.

ஆகவே ஒரே திசையில் இடைவிடாது சுழலும் எந்திரத்தைச் செய்வதே பல தலைமுறைகளின் கனவாக இருந்தது. லியோனார்தோ தாவின்சியின் அட்லாண்டிகஸ் சுவடித் தொகுதியில், மிதிபலகையும் வளைதண்டும் கனத்த சக்கரமும் கொண்ட கடைசல் எந்திரத்தின் வரைபடம் இருக்கிறது. மிதிப்பது முன்னும் பின்னுமாக; சுழல்வதோ ஒரே பக்கமாக. பிறகு நீர்ச்சக்கரமும் நீராவியும் வந்து மனிதக் காலையும் விடுவித்தன. உளியை இனி விலக்க வேண்டியதில்லை.

பின்னோட்டம் இப்படிக் கைவிடப்பட்டது. ஆனால் நெடுநாள் அது இல்லாமல் இருக்க முடியவில்லை. காரணம் திருகாணி.

ஹென்றி மாட்ஸ்லி 1771-இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் பிறந்தவர். பூட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஜோசப் பிரமாவிடம் தலைமைத் தொழிலாளியாக இருந்தார். வாரக்கூலி 30 ஷில்லிங் போதவில்லை, கூட்டித் தாருங்கள் என்று கேட்டார், பிரமா மறுத்தார், 1797-இல் வெளியேறித் தனிப்பட்டறை வைத்தார். எந்திர வரலாற்றில் இதைவிட விலையுயர்ந்த மறுப்பு அதிகம் இராது. அங்கே அவர் செம்மைப்படுத்திய மரை வெட்டும் கடைசல் எந்திரங்களுள் ஒன்று, ஏறத்தாழ 1800-ஐச் சேர்ந்தது, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரை வெட்டும் எந்திரங்கள் அவருக்கு முன்பே இருந்தன. கருவிகள் செய்த ஜெஸ்ஸி ராம்ஸ்டென் 1770-களிலேயே ஒன்றை அமைத்திருந்தார். ஆனால் நீண்ட திருகுதண்டு, பல்சக்கரங்கள், உளியை ஏந்தும் வண்டி ஆகிய மூன்றையும் உறுதியான இரும்பில் ஒன்றுசேர்த்துப் பட்டறைத் தொழிலுக்கு ஏற்றதாக்கியதில் மாட்ஸ்லிக்குப் பெரும் பங்குண்டு. மரை வெட்டுவது அதற்குப் பிறகு கைப்பழக்கத்தைச் சார்ந்த கலையாக இல்லை. பல் எண்ணிக்கையின் கணக்காயிற்று. அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் மரைகளுக்குப் பொது அளவை முன்மொழிந்தார்.

ஒரே வெட்டில் மரை ஆழமாகிவிடாது. மெல்லிய சீவல்களாகப் பத்துப் பதினைந்து முறை உளி அதே பள்ளத்தில் நடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மரையின் முடிவுக்குப் போனதும் உளியை வெளியே இழுத்து, தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் அதே பள்ளத்தில் இறக்க வேண்டும். எப்படித் திரும்பக் கொண்டுவருவது? திருகுதண்டைக் கவ்வியிருக்கும் ஹாஃப் நட்டைத் திறந்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளலாம். வெட்டும் மரையும் திருகுதண்டின் மரையும் கணக்கில் பொருந்தும்போது மட்டும் அது சரிப்படும். பொருந்தாவிட்டால் மீண்டும் மூடும்போது உளி பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் புதுப் பள்ளம் போட்டுவிடும். அப்போது வழி ஒன்றுதான்: நட்டைத் திறக்காமல், முழு எந்திரத்தையும் பின்னோக்கி ஓட்டி, உளி வந்த வழியே திரும்பச் செய்வது.

இந்தச் சிக்கல் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் ஒரு காலத்தில் வந்தது. 1956-இல் எடைகள், அளவைகளுக்கான சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. படி, வீசை, கஜம் போனதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. லேத் பட்டறைகளுக்கு என்ன நேர்ந்தது என்று அதிகம் எழுதப்பட்டதில்லை. எந்திரங்கள் அங்குலத் திருகுதண்டோடு இருந்தன. வாடிக்கையாளர்களோ மில்லிமீட்டர் மரை கேட்கத் தொடங்கினார்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஐந்து அங்குலம் 127 மில்லிமீட்டர். 127 பகா எண். எனவே அங்குலத் திருகுதண்டைக் கொண்டு மில்லிமீட்டர் மரையைப் பிழையின்றி வெட்ட 127 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று வேண்டும். மாமாவிடம் அது இருக்கிறது. எண்ணெய்த் துணியில் சுற்றி, பூஜை அறைக்குப் போகும் வழியிலுள்ள அலமாரியில், பத்திரமாக. அந்தச் சக்கரத்தை மாட்டிவிட்டால் நட்டைத் திறக்கவே கூடாது. பின்னோட்டம் இல்லாத லேத் பாதி லேத் என்றதன் பொருள் இது.

மோட்டாருக்கு முன்பு எந்திரத்தை எப்படிப் பின்னோக்கி ஓட்டினார்கள்? மாமாவின் லேத்தே அதற்கு விடை வைத்திருக்கிறது. அதன் தலைப்பகுதியில் படிப்படியான அகலப் புல்லி இருக்கிறது. கூரையிலிருந்து இறங்கும் தட்டைப் பெல்ட்டுக்காகச் செய்தது. மோட்டார் பின்னாளில் ஒட்டவைத்த உறுப்பு. அந்நாளைய பட்டறையில் கூரையின் நீளத்துக்கு ஒரு தண்டு ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் மேலே உள்ள துணைத்தண்டுக்கு இரண்டு பெல்ட்டுகள். ஒன்று நேராகச் செல்லும். மற்றது நடுவில் குறுக்காக மாறி, எட்டு என்ற ஆங்கில எண்ணின் உருவில் செல்லும். நேர்பெல்ட் முன்னோக்கியும் குறுக்குப்பெல்ட் பின்னோக்கியும் சுழற்றும். வேலையில்லாதபோது இரண்டும் தண்டைப் பற்றாமல் வெறுமனே சுழலும் புல்லிகள்மேல் ஓடிக்கொண்டிருக்கும். தொழிலாளி தலைக்குமேல் தொங்கும் கோலைத் தள்ளினால் ஒரு கவை வேண்டிய பெல்ட்டை ஒதுக்கித் தண்டைப் பற்றிய புல்லிமேல் ஏற்றும். குறுக்குப்பெல்ட் நேர்பெல்ட்டைவிடப் புல்லியை அதிகம் தழுவும், நன்றாக இழுக்கும். ஆனால் குறுக்கிடும் இடத்தில் தன்மேல் தானே உரசித் தேயும். மாமா பதினான்கு வயதில் சேர்ந்த பட்டறையில் இப்படித்தான் இருந்ததாம். பெல்ட் நழுவினால் ஏணி வைத்து ஏறி, ஓடும் தண்டிலேயே மாட்டுவார்களாம். "எங்க மேஸ்திரிக்கு வலது கையில மூணு வெரல்தான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

1881-இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமே ஆபத்தான எந்திரங்களுக்கு வேலி வேண்டும் என்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் பேசியது. அதன் 24-ஆம் பிரிவு, பெல்ட்டை ஒதுக்கும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது: ஒதுக்கிய பெல்ட் தானாக ஊர்ந்து மீண்டும் ஏறிவிடக் கூடாது, பயன்படாத பெல்ட் ஓடும் தண்டின்மேல் கிடக்கக் கூடாது. 22-ஆம் பிரிவு, ஓடும் எந்திரத்தின் அருகே வேலை செய்பவர் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும், உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றது. 15 செ.மீ.க்கு மேல் அகலமான பெல்ட்டை ஓடும் புல்லியில் தொடலாகாது என்றும் இருந்தது. சட்டம் இவ்வளவு துல்லியமாகப் பேச வேண்டுமானால் அதற்கு முன் எத்தனை கைகள் போயிருக்க வேண்டும்!

கூரைத்தண்டை ஒழித்தது மின்சாரம். 1888 மார்ச்சில் இத்தாலியின் தூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் தம் ஆய்வை அறிவியற் கழகத்தில் அளித்தார். அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவின் காப்புரிமைகள் வெளியாயின. இருவரும் தனித்தனியே எட்டிய கருத்து ஒன்றுதான். இரண்டு காயில்களைச் செங்குத்தாக வைத்து, ஒன்றின் மின்னோட்டம் மற்றதைவிடச் சற்றுப் பிந்தி வரும்படி செய்தால் காந்தப்புலம் சுழலும். ஃபெராரிஸ் தம் மோட்டார் தொழிலுக்குப் பயன்படாது என்று கணக்கிட்டு ஒதுக்கிவிட்டார். 1889-இல் மிகயீல் தொலிவோ-தொப்ரவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் மோட்டாரை உருவாக்கினார். 1891-இல் ஜெர்மனியின் லௌஃபெனிலிருந்து 175 கி.மீ. தொலைவிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சிக்கு அத்தகைய மின்சாரம் கம்பி வழியே சென்றது. கோவைக்குப் பைக்காரா மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. 1937-இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மோட்டாரைச் செய்தார்கள் என்பதைக் கோவைக்காரர்கள் எவரும் நினைவூட்டாமல் விடமாட்டார்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் எவையேனும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் போதும், புலம் எதிர்ப்பக்கம் சுழலும். வீட்டில் இருப்பதோ ஒற்றை ஃபேஸ். ஒரே ஒரு காயிலோடு அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது ஓடாது, உறுமிக்கொண்டு நிற்கும். தண்டைக் கையால் எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறோமோ அந்தப் பக்கம் ஓடத் தொடங்கும். முன்னும் பின்னும் இழுக்கப்படும் கடைகயிறுதான் மாறுமின்னோட்டம். அதனிடம் விசை உண்டு, திசை இல்லை. திசையைத் தருவது ஸ்டார்ட்டிங் காயில். கண்டென்சர் வழியே அதன் மின்னோட்டம் ரன்னிங் காயிலினதை முந்துகிறது. அந்தச் சிறு முந்தலே மோட்டாரை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. எதிர்ப்பக்கம் ஓட வேண்டுமானால் ஸ்டார்ட்டிங் காயிலின் இரு முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். நான் முதல் நாள் செய்ததுபோல் மொத்தத்தையும் மாற்றினால் இரு காயில்களும் சேர்ந்தே திரும்பும். அவற்றுக்கிடையேயுள்ள உறவு மாறாது.

இரண்டாம் நாள் மோட்டாரைத் திறந்தேன். காயில் கட்டியவர் இரண்டு காயில்களின் ஒவ்வொரு முனையை உள்ளேயே இணைத்து மூன்று ஒயர்களை மட்டும் வெளியே விட்டிருந்தார். இணைப்பைப் பிரித்து நான்காவதை வெளியே கொண்டுவந்தேன். மீட்டர் வைத்துப் பார்த்ததில் தடை குறைந்தது ரன்னிங், கூடியது ஸ்டார்ட்டிங் என்று தெரிந்தது. புது ஸ்விட்சில் ஆறு முனைகள். கைப்பிடியை முன்னோக்கி வைத்தால் ஒன்றும் இரண்டும் சேரும், மூன்றும் நான்கும் சேரும். பின்னோக்கி வைத்தால் ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும். ஐந்தும் ஆறும் இரு நிலையிலும் சேரும். நடுவில் எதுவும் சேராது. ஒன்றில் ஃபேஸ், நான்கில் நியூட்ரல், இரண்டிலும் மூன்றிலும் கண்டென்சரோடு கூடிய ஸ்டார்ட்டிங் காயில். ரன்னிங் காயிலுக்குரிய ஃபேஸ் ஐந்திலிருந்து ஆறு வழியாக. உடலுக்கு எர்த். பழைய பட்டறையின் இரண்டு பெல்ட்டுகள், நான்கு புல்லிகள், ஒரு கவை எல்லாம் இந்த ஆறு பித்தளை முனைகளுக்குள் வந்துவிட்டன.

ஸ்விட்சின் உள்ளே ஓர் உருளை, அதன்மேல் செம்புப் பட்டைகள், அவற்றில் உரசும் விரல் போன்ற தகடுகள். இந்த அமைப்பின் பெரிய அண்ணன்மார் 1890-களில் டிராம் வண்டிகளில் பரவினார்கள். சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் ஓடியது. அதை நேரில் கண்ட முதியவர்கள், ஓட்டுநர் நின்றபடியே பித்தளைக் கைப்பிடியைச் சுழற்றுவதைச் சொல்லாமல் இருப்பதில்லை. டிராமின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் வேகத்துக்கு ஒரு கைப்பிடியும் திசைக்கு ஒரு சிறு கைப்பிடியும் இருக்கும். அங்கு ஓடியது நேர்மின்னோட்டம். ஆயினும் தந்திரம் அதேதான். மோட்டாரின் இரு சுற்றுகளில் ஒன்றை மட்டும் திருப்புவது.

மாலையில் மெயினைப் போட்டேன். முன்னோக்கி ஓடியது. அந்த மகிழ்ச்சியில் கைப்பிடியைச் சட்டென்று பின்னோக்கித் தள்ளினேன். அசைவே இல்லை, முன்னோக்கியே ஓடிக்கொண்டிருந்தது. ஒயரிங் தவறென்று பதறிவிட்டேன்.

"நின்னதுக்கப்புறம் திருப்பு கண்ணு" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது.

மோட்டார் முக்கால் வேகத்தை எட்டியதும் உள்ளிருக்கும் ஒரு ஸ்விட்ச் ஸ்டார்ட்டிங் காயிலைத் துண்டித்துவிடும். வேகம் தணிந்த பிறகே மீண்டும் சேரும். அதுவரை புதுத் திசையைச் சொல்ல ஆளில்லை, மோட்டார் பழைய திசையிலேயே போகும். அது ஒருவகையில் காப்பு. இந்தப் பழைய லேத்தில் சக் தண்டின்மேல் மரையால் ஏறி நிற்பது. வெட்டும் விசை அதை இறுக்கும். முழுவேகத்தில் தண்டைச் சட்டெனத் திருப்பினால் கனத்த சக் தன் வேகத்திலேயே முன்னோக்கிப் போக, மரை கழன்று இருபது கிலோ இரும்பு மடியில் விழும். மூன்று ஃபேஸ் மோட்டாரானால் நொடியில் திருப்பிவிடும். அது அப்பட்டறையில் ஒருமுறை நடந்ததுண்டு என்று மாமா பிறகு சொன்னார்.

இந்த ஸ்விட்சுக்கு ஒரு குறையும் உண்டு. கரண்ட் போய்த் திரும்பினால் கைப்பிடி இருக்கும் நிலையிலேயே எந்திரம் தானாக ஓடத் தொடங்கும். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளைப் பட்டறையில் கழித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அதற்கு முன்னால், கரண்ட் போனால் விடுபட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை சேராத ஸ்டார்ட்டர் ஒன்றையும் மறுநாள் வாங்கி மாட்டினேன்.

மாமா அலமாரியிலிருந்து 127 பல் சக்கரத்தை எடுத்துவரச் சொன்னார். எண்ணெய்த் துணியை அவரே பிரித்தார். ஒன்றரை மில்லிமீட்டர் மரை. வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு ஒரு ஸ்டட். உளி முடிவுக்குப் போகும், அவர் அதை வெளியே இழுப்பார், கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து நிற்கும்வரை காத்திருப்பார், பின்னுக்குத் தள்ளுவார், வண்டி திரும்பி வரும், மீண்டும் உளியை உள்ளே கொடுப்பார். பதினொரு முறை. பன்னிரண்டாவது முறை நட்டைப் போட்டுப் பார்த்தார். இறங்கியது.